எந்த எஸ். சந்திரசேகர்?

சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன் பெயர் எஸ். சந்திரசேகர். ராமனின் சகோதரி மகன் பெயரும் எஸ். சந்திரசேகர். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910-ல் லாகூரில் பிறந்தவர். நட்சத்திரங்களின் கடைசிக் காலத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். அடுத்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930-ல் கல்கத்தாவில் பிறந்து பெங்களூரில் திரவப் படிகங்களோடு வாழ்ந்தவர். மாமன் மகன், அத்தை மகன் முறை. ராமனின் அப்பா பெயர் சந்திரசேகர ஐயர் என்பதால் பேரன்கள் இருவருக்கும் தாத்தா பெயர் வந்து சேர்ந்தது. சி.வி. ராமனின் பெயரில் முன்னால் நிற்கும் 'சி'யும் அதே தாத்தாதான்.

1983-ல் மூத்தவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இளையவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். மூத்தவர் 1944-லேயே ஆகிவிட்டிருந்தார். ஒருவர் சிகாகோவிலும் மற்றவர் பெங்களூரிலும் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரே தெருவாக இருந்தால் வாழ்த்துத் தந்தி கொண்டுவந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

நூலகத்தில் இவர்கள் தரும் குழப்பம் இன்னும் சுவாரசியமானது. பாய்மங்களின் நிலைப்பாடு பற்றி 1961-ல் ஒரு தடித்த புத்தகம், எஸ். சந்திரசேகர் எழுதியது. 1977-ல் திரவப் படிகங்கள் பற்றி ஒரு புத்தகம், அதுவும் எஸ். சந்திரசேகர் எழுதியது. விவரம் தெரியாத மாணவன் இரண்டையும் பார்த்தால், திரவத்தை ஆராய்ந்தவர் அடுத்ததாகத் திரவப் படிகத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைப்பான். அதில் அவன் தப்பு என்ன இருக்கிறது?

இத்தோடு முடிந்தால் குடும்பக் கதை என்று விட்டுவிடலாம். 1967-ல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த மக்கள்தொகை அறிஞர் ஸ்ரீபதி சந்திரசேகர், அவரும் எஸ். சந்திரசேகர். ஐதராபாத்தில் மருந்து மூலக்கூறுகளைச் செய்து, பிறகு 2021-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் செயலரானவர் ஸ்ரீவாரி சந்திரசேகர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பெயர் வாங்கியவர் சேதுமாதவன் சந்திரசேகர். இவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும். தெரியாத எஸ். சந்திரசேகர்கள் வங்கியிலும் மின்வாரியத்திலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனை பேரோ.

இனிஷியல் மேல் நமக்கு அபார நம்பிக்கை. வகுப்பில் நாலு செந்தில் இருந்தால் ஆர், எஸ், கே, எம் என்று ஆளுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து வாத்தியார் நிம்மதியாகிவிடுவார். ஆனால் தமிழ்நாட்டில் பாதி அப்பாக்களின் பெயர் 'எஸ்'ஸில் தொடங்குகிறது: சுப்பிரமணியன், சுந்தரம், செல்வராஜ், சண்முகம். ஆந்திரப் பக்கம் போனால் அந்த எழுத்து வீட்டுப்பெயர், கர்நாடகத்தில் பல சமயம் ஊர்ப்பெயர். ஜி.என். ராமச்சந்திரன் புரதத்தின் கட்டமைப்பை ஆராய்ந்தவர், வி.எஸ். ராமச்சந்திரன் மூளையை ஆராய்பவர், எம்.ஜி. ராமச்சந்திரனை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இனிஷியல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சந்திரசேகர்களிடம் அது தோற்றுப்போனது.

பெங்களூர்க்காரரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இவர் ராமனிடமே ஆய்வுப் பட்டம் படித்தவர். ஒளியின் முனைவாக்கத்தில் தன் பெயரை நிறுத்திவிட்டு இளம் வயதில் மறைந்த எஸ். பஞ்சரத்தினம் இவருடைய கூடப்பிறந்தவர். திரவப் படிகம் ஆக வேண்டுமானால் மூலக்கூறு குச்சி போல் நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதுவரை எல்லோரும் நம்பியது. 1977-ல் சந்திரசேகரும் பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோரும் ராமன் ஆய்வு நிறுவனத்தில், தட்டையான வட்ட மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று காட்டினார்கள். கல்லாவில் அடுக்கிய ரூபாய்க் காசு மாதிரி அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தூண் தூணாக நிற்கும். செய்தி வெளியானது நம் நாட்டு ஆய்விதழான பிரமாணாவில்.

பழைய லேப்டாப்பின் திரவப் படிகத் திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்த நினைவு இருக்கிறதா? நிறம் மாறும், கறுப்பு வெளுக்கும், படம் நெகட்டிவ் போலத் தெரியும். 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் ஒரு மெல்லிய படலத்தைக் கொண்டுவந்து இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தது. படலத்தில் பூசியிருந்தது தட்டு மூலக்கூறு. அந்தப் படலத்தின் காப்புரிமைகளில் எஸ். சந்திரசேகரைத் தேடிப் பயனில்லை. கண்டறிந்து ஆய்விதழில் சொன்னவர் ஒருவர், பொருளாக்கி உரிமை வாங்கியவர் இன்னொருவர். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஆற்றாமை. பின்னாளில், தான் நிறுவிய திரவப் படிக ஆய்வு மையத்தில் சந்திரசேகரின் குழுவும் தட்டு மூலக்கூறை வைத்து ஒரு திரையைச் செய்து அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது என்பது சின்ன ஆறுதல்.

சரி, காப்புரிமைப் பட்டியலில் சந்திரசேகர் என்று தேடினால் வந்து விழும் கூட்டத்தில் இவரை எப்படிப் பிரிப்பது? கிண்டியில் காப்புரிமை முகவராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். திரையில் ஒரு முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு பத்தியாக அச்சடித்த பக்கம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண். 54 என்றால் தலைப்பு, 72 கண்டுபிடித்தவர், 73 உரிமை யாருக்கு. அவர் கண் 72-ல் நிற்கவே இல்லை. நேரே 73-க்குப் போனது, பிறகு ஊர்ப்பெயருக்கு, பிறகு கூட இருக்கும் பெயர்களுக்கு, கடைசியாக வகைப்பாட்டுக் குறியீட்டுக்கு. "பேரைப் பாத்து ஆளைப் பிடிக்க முடியாது சார். யார்கூட சேர்ந்து எங்க உக்காந்து என்ன செஞ்சார்னு பாக்கணும்" என்றார். ஜி02எஃப் என்று இருந்தால் திரை, திரவப் படிகச் சமாசாரம். எச்04பி என்றால் தொலைத்தொடர்பு. சி07 என்றால் கரிம வேதியியல். பெங்களூர்க்காரர், பெல் ஆய்வகக்காரர், ஐதராபாத்காரர் மூவரும் அந்த மூன்று குறியீடுகளில் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நம் தெருவில் பேங்க் சந்திரசேகர், எல்.ஐ.சி. சந்திரசேகர் என்று சொல்வதும் இதே வகைப்பாடுதான். நாம் குறியீடு போடுவதில்லை, அவ்வளவுதான்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. உரிமையாளர் பெயரை மட்டும் நம்பினால் பெல் ஆய்வகத்தில் மாட்டிக்கொள்வோம். அந்த ஆய்வகம் ஏ.டி. அண்ட் டி.யிடம் இருந்தது, 1996-ல் லூசென்ட் ஆனது, 2006-ல் அல்காடெல்-லூசென்ட், 2016-ல் நோக்கியா. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒரே ஆளின் கண்டுபிடிப்புகள் நாலு கம்பெனிப் பெயரில் கிடக்கும். போதாததற்கு சந்திரசேகர், சந்திரசேகரன், சந்திரஷேகர் என்று ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு பக்கம் இழுக்கும்.

ஆய்விதழ்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னணி இயற்பியல் ஆய்விதழ் ஒன்று 'எந்த வெய் வாங்?' என்று தலைப்பிட்டுத் தலையங்கமே எழுதியது. ஆங்கிலத்தில் ஒன்றாகவே தெரியும் சீனப் பெயர்கள் சீன எழுத்தில் வேறு வேறாக இருக்கும் என்பதால், சீன, ஜப்பானிய, கொரிய ஆய்வாளர்கள் தங்கள் பெயரைச் சொந்த எழுத்திலும் போடலாம் என்று அனுமதித்தார்கள். நமக்கு அந்த வழி உதவாது. தமிழில் எழுதினாலும் எஸ். சந்திரசேகர் எஸ். சந்திரசேகர்தான். 2012-ல் ஆய்வாளர்களுக்கு ஆளுக்கொரு பதினாறு இலக்க எண் கொடுக்கும் ஆர்க்கிட் வந்தது. பயனுள்ள ஏற்பாடு. ஆனாலும் தாத்தா பெயரைச் சுமந்துகொண்டு நோபல் வரை போன ஆளைப் பதினாறு இலக்கமாக நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு விஷயத்தில் ஆய்விதழை விடக் கறார். இனிஷியலோடு நிறுத்த முடியாது. சட்டப்படியான பெயரை எழுத வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாத தமிழர்கள் பெரும்பாலும் அங்கே அப்பா பெயரைப் போடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் காப்புரிமையை யார் மேற்கோள் காட்டினாலும் அப்பா பெயரைப் போட்டு 'மற்றும் பிறர்' என்றுதான் வரும். உலகப் பட்டியல்களில் கண்டுபிடிப்பாளர்களாக நிற்கும் எத்தனையோ தமிழ்ப் பெயர்கள், போஸ்ட் மாஸ்டராகவும் கணக்குப்பிள்ளையாகவும் இருந்த அப்பாக்களுடையவை.

நண்பர் சொன்ன ஒரு சம்பவம். அம்பத்தூரில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரின் மகன், இயந்திரப் பொறியாளர், ஒரு வால்வுக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்திருந்தான். விண்ணப்பம் வெளியானதும் நகல் எடுத்து அப்பாவிடம் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை விரல் வைத்துப் பார்த்தார். "நான் எதைப்பா கண்டுபிடிச்சேன், என் பேரைப் போட்டிருக்காங்க?" என்றார். மகன் குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பற்றி விளக்கினான். அவருக்கு அது பாதி புரிந்ததோ இல்லையோ, பக்கத்தைத் திருப்பி வரைபடத்துக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இந்த ஸ்டெம்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கிளியரன்ஸ் எவ்ளோ விட்டிருக்கே? சூடேறினா இது பிடிச்சுக்குமேடா."