வெள்ளவத்தைக் கடற்கரையில் கிடைத்த மோதிரம்

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். உங்களில் ஒருவருடைய பொருள் என்னிடம் இருக்கலாம்.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு கோச்சிப் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். கால் நனைத்துவிட்டு வீடு வந்த பிறகுதான் மனைவியின் விரலில் மோதிரம் இல்லை என்று தெரிந்தது. மர்ஹூமா மாமி கடைசியாகக் கழற்றிக் கொடுத்தது. அரைப் பவுனும் வராது. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று விசாரித்தேன். எல்லா இடத்துக்கும் ஒரே மெசின் சரிவராது என்று அப்போதுதான் விளங்கியது. ஒற்றை அலைவரிசை மெசின் காய்ந்த தரைக்கு நல்லது. உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் சும்மா சும்மா கத்தும். பல்ஸ் இன்டக்சன் வகை உப்பைப் பொருட்படுத்தாது, ஆழத்திலும் பிடிக்கும். ஆனால் ஆணியா தங்கமா என்று சரியாகப் பிரித்துச் சொல்லாது. பல அலைவரிசை வகை உப்பையும் சமாளிக்கும், உலோகத்தையும் ஓரளவு பிரித்துக் காட்டும், விலைதான் கூட. அதிலும் மெல்லிய தங்க மோதிரத்துக்கும் சோடா டின் மூடித் துண்டுக்கும் திரையில் கிட்டத்தட்ட ஒரே இலக்கம்தான் வரும். குப்பை வேண்டாம் என்று அந்த இலக்கத்தை அடைத்தால் மோதிரமும் தப்பிவிடும். தங்கம் தேடுபவர் குப்பையையும் தோண்டத்தான் வேண்டும்.

எங்கள் வரலாற்று ஆசிரியர், "ஔரங்கசீப் காசு கிடைத்தால் பாதி எனக்கு" என்று சிரித்தார். அப்படிக் கிடைத்ததும் உண்டு. 1961இல் கிரேட் பாசஸ் பாறைக்கருகே மைக் வில்சன் குழுவினர் மூழ்கிக் கண்டெடுத்த வெள்ளிக் காசுகள், ஔரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113இல், சூரத்தில் அடித்தவை. ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் இளைஞர்களே, மெசின் கையில் இருக்கிறது என்று புதையல் தோண்டப் போய்விடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் இருப்பது அரசின் சொத்து. அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். வெளிநாட்டிலிருந்து மெசின் கொண்டுவரச் சொல்ல முன்னரும் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாங்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் தன்னுடைய பல அலைவரிசை மெசினோடு வந்தார். மூன்று நாள் மாலை தேடினோம். சோடா மூடிகள், ஆணிகள், சில்லறைக் காசுகள். தோண்டிய குழிகளையெல்லாம் மூடிக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தங்க மோதிரம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி கையில் வாங்கிப் பார்த்தார். "இது உம்மாட இல்ல" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுவும் யாரோ ஒருத்தர்ட உம்மாடதா இருக்கும். தேடிக் குடுத்திருங்க" என்றார.

கண்டெடுத்த பொருளின் அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. அதனால் இங்கே படமும் போடவில்லை, அடையாளமும் எழுதவில்லை. கல் உண்டா, எழுத்து உண்டா, எந்தப் பக்கம் தொலைந்தது என்று இன்பொக்ஸில் சொல்லுங்கள். பொருந்தினால் மோதிரம் உங்களுடையது. எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

வயதானவர்கள் பேஸ்புக் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.