நோட்டில் எழுதாத பால்

மகளுக்கு இரண்டரை வயதில் சுவரைச் சுரண்டித் தின்னும் பழக்கம் வந்தது. முதலில் கதவோரமாக, என் கண்ணெதிரே. கையில் ஒன்று வைத்தேன். மறுநாள் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நகத்தால் சுண்ணாம்பைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றும் அடித்தேன்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை என்ற உறுதியில்தான் அடித்தேன். பள்ளியில் கணக்கு நடத்துபவள் நான். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதற்கென்று ஒரு நோட்டே வைத்திருந்தேன். 30 கிராம் கேழ்வரகுக்கு 1.4, பிறகு முருங்கைக்கீரை, பாசிப்பருப்பு, பேரீச்சம்பழம். கூட்டினால் எட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் தேடித் தின்பதே இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்றார் குழந்தை மருத்துவர். அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பால் எவ்வளவு குடிக்கிறாள்?" என்று கேட்டார். நான்கு டம்ளர், ஏறக்குறைய ஒரு லிட்டர். நோட்டில் அது இல்லை. பாலில் இரும்பு இல்லாததுபோலத்தான், அதனால் எழுதவே இல்லை. ஆனால் அது வயிற்றை நிரப்பிவிடுகிறது. சாப்பாட்டோடு கொடுத்தால், கூட இருக்கும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. நான் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் கொடுத்துவந்தேன்.

அன்றிரவு கணக்கை மறுமுனையிலிருந்து போட்டுப் பார்த்தேன். அந்த வயதில் ஆண்டுக்கு இரண்டரை கிலோ எடை கூடும். கிலோவுக்குச் சுமார் 80 மில்லி இரத்தம் என்றால், 200 மில்லி புது இரத்தம் ஊற வேண்டும். அதில் 22 கிராம் ஹீமோகுளோபின், கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு. நாளுக்குப் பிரித்தால் 0.2 மில்லிகிராம். தோலிலும் குடலிலும் கழிவது இன்னொரு 0.2. தசைக்கும் சேமிப்புக்கும் சேர்த்தாலும் அரை மில்லிகிராம்தான். அந்த அரை உள்ளே போகத்தான் தட்டில் எட்டு வைக்கச் சொல்கிறார்கள். கேழ்வரகிலும் பருப்பிலும் உள்ள இரும்பு அவ்வளவு சொற்பமாகத்தான் உடலில் சேரும். நான் எட்டைப் பிடித்துக்கொண்டு அரையை விட்டுவிட்டேன்.

ஆய்வாளர்கள் அந்த அரையைத்தான் தேடுகிறார்கள். இரும்பு-57 என்ற, கதிர்வீச்சில்லாத, சற்றே கனமான இரும்பை உணவில் கலந்து கொடுத்து, 14 நாள் கழித்து அது சிவப்பணுக்களில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

பாலை இரண்டு டம்ளராகக் குறைத்தோம், அதுவும் சாப்பாட்டு நேரம் தள்ளி. முதல் வாரம் அழுது தீர்த்தாள். கீரையில் எலுமிச்சை பிழிந்தேன். சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா. மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மருந்தை, ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டிய பிறகும், சேமிப்பு நிரம்புவதற்காக இரண்டு மாதம் தொடர்ந்தோம். அவள் சுவர்ப்பக்கம் போவது மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே நின்றிருந்தது. யாரும் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.