ளாத் எழுத்து வரை

அரபி ஓதியவர்களுக்கு இமாம் ஜவ்ஹரியின் பெயர் புதிதன்று. ஃபாராபிலே பிறந்து, பாலைவனத்து அரபுக் குலத்தாரிடையே தங்கிச் சொற்களைத் திரட்டி, பின்னர் நைஸாபூரில் அமர்ந்து அவர் தொகுத்த 'அஸ்-ஸிஹாஹ்' அகராதி ஏறக்குறைய நாற்பதாயிரம் சொற்களைக் கொண்டது. சொல்லின் முதலெழுத்தைக் கொண்டல்லாமல் இறுதியெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்ட நூல். நாம் மதரஸாவில் ஓதிய நாளில், கரையான் அரித்த அதன் பாகங்களைப் புரட்டியே எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறோம்.

அந்த இமாம் எப்படி மறைந்தார் என்பதை உஸ்தாது ஒருநாள் பாடத்தின் நடுவே சொன்னார். வகுப்பே சிரித்தது. உஸ்தாது சிரிக்கவில்லை.

ஹிஜ்ரி 393, அதாவது கி.பி. 1003 வாக்கில், ஜவ்ஹரி நைஸாபூரின் பழைய பள்ளிவாசல் கூரைமீது ஏறினார். கதவின் இரு பலகைகளைக் கயிற்றால் தம் விலாவோடு பிணைத்துக்கொண்டார். இதுவரை எவரும் செய்யாததைச் செய்யப்போவதாகக் கீழே கூடியிருந்தோரிடம் அறிவித்தார், பறக்க முனைந்தார், விழுந்தார், மாண்டார். அவருக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்றும் யாகூத் போன்ற வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். நம் நெஞ்சில் தைத்தது அதற்கடுத்த செய்தியே. மாணவர்கள் அவரிடம் ஸிஹாஹை 'ளாத்' எழுத்து வரைதான் கேட்டிருந்தார்கள். எஞ்சிய பகுதி திருத்தப்படாத கையெழுத்துப் படியாகவே கிடந்தது. அதை இப்ராஹீம் அல்-வர்ராக் என்னும் மாணவர் படியெடுத்தார். பல இடங்களில் பிழைபட்டார். கூரையிலிருந்து விழுந்தவர் ஒருவர். அப்பிழைகளைச் சுமந்தவர்களோ பல தலைமுறையினர்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக மறந்திருந்த இச்செய்தியை நமக்கு நினைவூட்டியவன் தம்பி மகன். அமெரிக்காவில் கணினி வேலை பார்ப்பவன். விடுமுறையில் தியாகராயநகர் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் வந்த மறுநாளே தம்பியின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், இவன் அங்கே பாலத்திலிருந்து குதிக்கிறானாம். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்."

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. விமானத்திலிருந்து வான்குடையோடு குதிக்கப் பழகி, இருநூறு முறைக்கு மேல் குதித்தபின், நிலையான உயரங்களிலிருந்து குதிக்கும் கலைக்குப் போயிருக்கிறான். கட்டடம், கம்பக் கோபுரம், பாலம், மலைப்பாறை ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து அதனைப் 'பேஸ்' என்கிறார்கள். 1978-இல் கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து சிலர் குதித்ததைப் படமெடுத்து இதனைப் பரப்பியவர் கார்ல் போனிஷ். அவரும் 1984-இல் நார்வே நாட்டு மலைச்சுவர் ஒன்றிலிருந்து குதித்து உயிரிழந்தார்.

அறிவுரை சொல்ல வீட்டைவிட வெளியிடமே நல்லதென்று கருதி, அவனை மயிலாப்பூருக்கு வரவழைத்து, ஒரு காலையில் கடற்கரைக் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துச் சென்றோம். 1977-இல் திறக்கப்பட்ட கோபுரம்; மின்தூக்கி உண்டு. மேல்மாடத்தில் நின்று, ஒருபுறம் சாந்தோமும் மறுபுறம் மணற்பரப்புமாகப் பார்த்திருந்துவிட்டு, "இங்கிருந்து குதிப்பாயா?" என்று கேட்டோம். இடித்துரைக்கவே கேட்டோம். அவனோ கணக்கைத் தொடங்கிவிட்டான்.

"மாட்டேன், பெரியத்தா. நூற்றைம்பது அடி என்றால் தரையைத் தொட மூன்று விநாடி. அப்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கையால் குடையை எறிந்து, அது விரிந்து, நான் திசை திருப்பி இறங்க இந்த மூன்று விநாடி போதாது. இவ்வளவு தாழ்வான இடத்தில் கோபுரத்திலேயே ஒரு நூலைக் கட்டுவார்கள். அது குடையை இழுத்து விரித்துவிட்டு அறுந்துபோகும். அப்போதும் பகலில் கடற்காற்று கிழக்கேயிருந்து அடிக்கும். கடலை நோக்கிக் குதித்தவனை அது இந்தச் சுவரின்மீதே கொண்டுவந்து மோதும்."

சுவரில் மோதுவதுதான் இத்துறையில் பேரச்சம் என்றான். விமானத்திலிருந்து குதித்தவனின் குடை எத்திசை நோக்கி விரிந்தாலும் கேடில்லை, சுற்றிலும் வெட்டவெளி. இங்கே முதுகுப்புறம் பாறையோ சுவரோ நிற்கிறது. குடை கோணலாக விரிந்தால் அதனை நோக்கியே பறக்க நேரும். ஆகவே வேகமாகப் பாயும் சிறிய குடையை இதற்குத் தேர்வதில்லை. ஏழு அறைகள் கொண்ட, அகன்ற, நிதானமாக நகரும் பெரிய குடையே வேண்டும்.

அவன் சொன்னவற்றுள் நம்மை வெகுநேரம் சிந்திக்கவைத்தது வேறொன்று. விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இரண்டு குடைகள் உண்டு. முதலாவது பழுதானால் வெட்டிவிட்டு இரண்டாவதை விரிக்கலாம். இவர்கள் சுமப்பது ஒன்றே. மறதியாலன்று; இரண்டாவதை விரிக்கக் காலமில்லை என்பதால். மாற்றுக்கு வழியில்லாத ஒன்றைச் சுமப்பவன், மேலே எடுக்கவேண்டிய எச்சரிக்கை அனைத்தையும் தரையிலேயே எடுத்து முடித்தாக வேண்டும். பெரிய குடையை இழுத்து வெளியேற்றும் சிறுகுடை ஒன்றுண்டு. பைலட் சூட் என்பர். சில விநாடிகளிலேயே விரிய வேண்டுமானால் அது 42 முதல் 48 அங்குலம் வரை அகன்றதாக இருக்கவேண்டும். நெடுநேரம் விழுந்து வேகம் ஏறியபின் விரிப்பதானால் அதைவிடச் சிறியது. கயிறுகளின் ஊடே 'ஸ்லைடர்' என்ற சதுரத் துணி வழுக்கி இறங்கி, வேகத்தில் குடை வெடித்து விரியாமல் தடுக்கும். ஆனால் தாழ்ந்த இடத்தில் அந்தத் தடையே எமனாகும் என்பதால் கழற்றிவிடுவார்கள். ஓரிடத்தில் உயிர் காப்பது இன்னோரிடத்தில் உயிர் பறிக்கும். நஹ்வு இலக்கணத்தில் ஒரே சொல் இடத்துக்கேற்ப வேறு இஃராப் பெறுவதைப்போல என்று நாம் சொன்னோம். அவன் சிரித்தான், அவனுக்கு நஹ்வு தெரியாது.

நம் மேடைகளில் குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைப் பற்றிப் பெருமை பேசாதவர் அரிது. பறவைபோல் இறகு பூட்டிப் பறந்தவர். பக்தாதில் சிலையும் சந்திரனில் ஒரு பள்ளத்துக்குப் பெயரும் பெற்றவர். அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்பதையும், பறவை இறங்க வாலைப் பயன்படுத்துவதை அவர் கருதவில்லை என்று அல்-மக்கரி எழுதியதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. ஜவ்ஹரியையோ முற்றாகவே மறைத்துவிடுகிறோம்.

தம்பி மகன் தன் பங்குக்கு ஒரு தையற்காரரின் கதையைச் சொன்னான். பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்பவர் மேலங்கியையே வான்குடையாகத் தைத்தார். பொம்மைகளுக்கு அணிவித்து எறிந்து பார்த்தபோது அவை விழுந்து நொறுங்கின. உயரம் போதவில்லை என்று அவர் முடிவு செய்தார். 1912 பிப்ரவரி 4 அன்று ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறினார். பொம்மையைத்தான் எறியப்போவதாகச் சொல்லி அனுமதி பெற்றவர், அங்கியைத் தாமே அணிந்து குதித்துவிட்டார். உயரம் 57 மீட்டர். நாங்கள் நின்ற இடத்தைவிடச் சற்றே அதிகம். பொம்மைகள் சொன்ன சாட்சியத்தை அவர் ஏற்கவில்லை.

"சரி, உன் கலையின் சாட்சியம் என்ன?" என்றோம்.

மறைக்காமல் சொன்னான். நார்வேயின் கியெராக் மலையில் 1995 முதல் 2005 வரை 20,850 முறை குதித்திருக்கிறார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். சுமார் 2,300-க்கு ஒன்று. அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதித்தவர்களின் கணக்கோ, 2023-இல் முப்பத்தாறரை லட்சம் முறைக்குப் பத்து மரணம்.

இதுதான் தருணமென்று நாம் வாயெடுத்தோம். பெற்ற தாயின் உறக்கம், அழிவைத் தன் கையாலேயே தேடிக்கொள்ளலாகாது என்னும் கட்டளை, முற்றுப்பெறாத ஸிஹாஹ் எல்லாவற்றையும் சொன்னோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"பெரியத்தா, ஒன்று கேட்கலாமா? இன்று காலை ஸ்கூட்டரில்தானே வந்தீர்கள். தலைக்கவசம் எங்கே?"

அது வீட்டில் அலமாரிமேல் இருந்தது. இரண்டாண்டுக்கு முன் மழைநாளில் மந்தைவெளி முனையில் சறுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்கள் நாம். அன்றும் அது அலமாரிமேல்தான் இருந்தது. தொப்பி கலைந்துவிடும் என்பது நமது நியாயம். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு மட்டும் தலைக்கவசம் அணியாததால் இறந்தோர் 50,029 பேர் என்று அரசாங்கக் கணக்கைக் காட்டினான். அவன் துணியையும் நூலையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறான். நாமோ கச்சேரி சாலையில் தினமும் வெறுந்தலையோடு குதித்துக்கொண்டிருக்கிறோம், பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டோம் என்ற துணிவில். பதில் சொல்ல வரவில்லை. கீழே இறங்கி இளநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

ஆயினும் இதனால் கணக்கு நேராகிவிடவில்லை. நமது குற்றம் அவனுக்கு நியாயமாகாது. ஒருவாரம் இது மனத்தை அரித்தது.

அவன் புறப்படுவதற்கு முந்தைய நாள் அஸருக்குப்பின் தியாகராயநகர் போனோம், தலைக்கவசத்தோடு. கூடத்துப் பாய்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு நீலமும் வெள்ளையுமான குடையை விரித்து மடித்துக்கொண்டிருந்தான். ஒரு மணிநேரம் ஓடியும் முடியவில்லை. ஒவ்வொரு கயிறாக விரலால் தொட்டுக்கொண்டே போனான், ஓரிடத்தில் நின்றான், அவ்வளவு மடிப்பையும் கலைத்து முதலிலிருந்து தொடங்கினான். பிழைபட்ட படியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதும் கையை நாம் கண்டிருக்கிறோம். அவன் தாயார் அடுக்களை வாசலில் நின்று, ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் அத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐடஹோவிலே அந்தப் பாலம் எவ்வளவு உயரம்?" என்றோம்.

"பெர்ரின் பாலம் 486 அடி. கீழே ஸ்னேக் ஆறு."

"குதிக்கப் போய்க் குதிக்காமல் திரும்பியதுண்டா?"

"உண்டே. கைப்பிடிக்கு வெளியே போய் நின்றபிறகு காற்று மாறிவிடும். சிலசமயம் காற்று சரியாகவே இருக்கும், மனம் சரியாக இருக்காது. ஏறி உள்ளே வந்துவிடுவேன்."

"இதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயா?"

"இதில் சொல்ல என்ன இருக்கிறது, பெரியத்தா? குதித்ததைத்தான் கேட்பார்கள்."

அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது. இவ்வளவு நாளில் அவர் இதுபற்றி மகனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பின்னர் அறிந்தோம்.

"எத்தனை தடவை திரும்பி வந்தாய்?"

அவன் கயிற்றை விடாமல் சற்று யோசித்தான். "பதினொரு தடவை இருக்கும்மா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுநேரம் நின்றார். பிறகு கூடத்துக்கு வந்து, மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த துணியின் ஓரத்தைக் குனிந்து பிடித்துக்கொண்டார்.