ஊசி வைத்த இடம்

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் உள்ளறையில் 400க்கும் சற்று மேற்பட்ட இசைத்தட்டுகள் இருக்கின்றன. அனைத்தும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். அவற்றைச் சேர்த்தவர் அரசு அலுவலகமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சேகரிப்பாளர் வட்டாரத்தில் அவருக்குப் பெரிய மதிப்பில்லை. அவரிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் தேய்ந்த தட்டுகள் என்பதே காரணம்.

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைப்பதிவு 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலோடு வேர்கொண்டது. அதைத் தேடிச் சேர்ப்பவர்களின் மரபும் இன்று நன்கு வேரூன்றியுள்ளது. மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990இல் அமைந்தது. சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவின் சேகரிப்பு அறிஞர்களுக்குத் தெரிந்த ஒன்று. கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் கிராமபோனுக்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. இவ்வுலகில் முதலில் கேட்கப்படும் கேள்வி தட்டு எந்த நிலையில் உள்ளது என்பதுதான். கறுத்து மின்னும் தட்டுக்கு ஒரு விலை, சாம்பல் பூத்த தட்டுக்கு வேறு விலை. மின்னும் தட்டு என்றால் அதை யாரும் அதிகம் கேட்கவில்லை என்று பொருள். இந்த முரண் பேரம் நடக்கும்போது எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இம்முரண் உச்சத்தை எட்டியது இங்கிலாந்தில். 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடி வெளியிட்ட சோல் இசைத்தட்டுகளில் விற்காமல் போனவை ஏராளம். வட இங்கிலாந்தின் தொழில்நகர இளைஞர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து இரவு முழுவதும் ஆடினர். அந்த ரசனைக்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயரிட்டவர் டேவ் காடின் என்னும் இதழாளர். விகன் நகரத்துக் கேசினோவில் 1973 முதல் 1981 வரை விடிய விடிய நடந்த ஆட்டங்களில், அடுத்தவர் அறிந்துவிடக் கூடாதென்று தட்டின் லேபிளை மறைத்து, பொய்ப்பெயர் சொல்லி ஒலிக்கவிட்டவர்களும் உண்டு. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு தட்டு முறையாக வெளியிடப்படவே இல்லை. எஞ்சிய மிகச் சில பிரதிகளுள் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. கடையில் தோற்ற பாட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. கேட்க ஆளில்லாமையே அதன் அருமைக்குக் காரணம்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் அரிதானது இதற்கு நேர்மாறான வழியில். அவை விற்றன, வீடுதோறும் ஒலித்தன, ஒலித்து ஒலித்தே அழிந்தன. 1906இல் பிறந்து 1933 டிசம்பரில் மறைந்த அந்த நடிகர் பேசும்படத்தில் ஒருமுறையும் தோன்றவில்லை. மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் எவரும் இன்றில்லை. மூன்று மூன்றரை நிமிடத் தட்டுகளில் அடங்கியதுதான் எஞ்சிய குரல். நாடகப் பாடல் தட்டுகளின் பெருவிற்பனைதான் தமிழ்ப் பேசும்படத்தைப் பாட்டுப் படமாக்கியது என்று ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த விற்பனையின் மறுபக்கம், தட்டு ஒவ்வொன்றும் கேட்பவரின் கையாலேயே மெல்லச் செத்தது என்பது.

இதற்குப் பொருளியல்பும் ஒரு காரணம். அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து வார்த்த தட்டு அது. எஃகு ஊசியின் முனை வரியின் வடிவுக்குத் தேய்ந்து பொருந்த வேண்டும் என்பதற்காகவே கல்மாவு சேர்த்தார்கள். ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாத வீடுகளே அதிகம், ஊசிக்கும் காசு வேண்டுமே. அப்போது தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். அதிலும் குரல் ஓங்குமிடத்தில் வரி அகன்று நெளிவதால் அங்கேதான் அடி பலமாக விழும். கிட்டப்பாவின் குரலோ மேல் ஸ்தாயியில் நின்று விளையாடும் குரல்.

கரமனைக்காரரின் தாயார் செங்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். மலையைக் குடைந்து கொல்லத்துக்கு வரும் ரயில் அவ்வூர்க்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தை அண்டை வீடாக்கியது. அந்த ரயிலில்தான் 1940களில் அம்மையார் மணமகளாக வந்தார். உடன் வந்த சாமான்களில் சாவி கொடுத்து இயக்கும் ஒரு பெட்டியும் 11 தட்டுகளும் இருந்தன. சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைப் போற்றிய நகரம் அது; செம்மங்குடி சீனிவாச ஐயர் இசைக்கல்லூரிக்குத் தலைமையேற்றிருந்த காலம். புகுந்த வீட்டிலும் கச்சேரிக்குத் தடையில்லை, நாடகப் பாட்டுக்கு மட்டும் இருந்தது. கூத்துக்காரன் பாட்டு குடும்ப வீட்டில் எதற்கு என்பது மாமனாரின் கேள்வி. ஆண்கள் அலுவலகத்துக்குக் கிளம்பிய பிறகு, சமையற்கட்டை ஒட்டிய அறையில், ஒலி வெளியே போகாதபடி பெட்டிமேல் ஒரு பழம்புடவையைப் போர்த்தி, அம்மையார் கேட்பார். மகனுக்கு நினைவிருப்பது பாட்டைவிட அந்தப் புடவையின் நிறம்தான்.

அம்மையார் இறந்தபின் 11 தட்டுகளில் ஏழு எஞ்சின. அவற்றுள் ஒன்று வள்ளலார் பாடலைக் கிட்டப்பா பாடியது. அதில் நடுவுக்குச் சற்று வெளியே விரல் அகல வளையம் ஒன்று சாம்பலாக வெளுத்திருந்தது. அந்த வளையத்துக்காகவே மகன் சேகரிக்கத் தொடங்கினார் என்று சொல்லலாம். அதே தட்டின் வேறு பிரதிகள் வேண்டும். அவற்றிலும் அதே இடம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாலைக் கடைத்தெருவின் ஆக்ரிக் கடைகளில் இந்தத் தேடல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடந்தது. ஆ. மாதவன் தம் கதைகளில் நிலைபெறச் செய்த தெரு அது. கடைக்காரர் ஒருவர் தட்டுகளை இவருக்கென்றே எடுத்துவைப்பார். "சாரே, பித்தளைக் குழலுக்கு ஆளுண்டு. பிளேட்டு கேட்டு வாறது நீங்க ஒருத்தர்தான்" என்பார். அவர் சொன்னது சரி. விடுதி வரவேற்பறையில் நிறுத்த ஒரு குழல் போதும். தட்டு பாட வேண்டியதில்லை. குழலை விற்ற வீடுகள் தட்டைச் சாக்கில் கட்டித் தள்ளிவிட்டன. சாக்கில் வந்ததில் பாதி உடைந்திருக்கும்.

இரண்டு பிரதிகள் கிடைத்தன. ஒன்று சாலையிலேயே. மற்றொன்று நாகர்கோவில் நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் காட்டாமலே வைத்திருந்து, கண் பார்வை மங்கியபின் கொடுத்தது. "அண்ணாச்சி, இனி இது உங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு லேபிளே தெரியலே" என்றாராம்.

மூன்றையும் மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது, மூன்றிலும் அதே வளையம் வெளுத்திருந்தது. குரல் ஓங்கும் இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதானே. அம்மையாரின் தனித்த அடையாளம் என்று 20 ஆண்டுகள் எண்ணியிருந்தது வெறும் இயற்பியல். அவருடைய வார்த்தையில், "பெரிய ஏமாத்தம்". ஆனால் கணக்கர் கண் அத்தோடு விடவில்லை. தாயாரின் தட்டில் மட்டும், வளையத்துக்குச் சற்று முன்னால், வரிகளைக் குறுக்கே வெட்டும் சிறு கீறல்கள் கூட்டமாக இருந்தன. கையை எடுத்து, பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி ஊசியை இறக்கியதால் விழுந்த தழும்புகள். அந்தக் குரல் ஏறும் இடத்தை மட்டும் யாரோ திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

அண்மையில், பழைய ஒலிப்பதிவுகளை எண்மமாக்கும் திட்டமொன்றிலிருந்து இளம் ஆய்வாளர் ஒருவர் கரமனைக்கு வந்தார். இரண்டு நாள் இருந்து தட்டுகளைத் தரம் பிரித்தார். 60 தேறின. ஒதுக்கியவற்றில் வள்ளலார் பாடல் தட்டும் ஒன்று. அதன் நல்ல பிரதி வேறிடத்தில் பதிவாகிவிட்டது, இரைச்சலும் நீக்கப்பட்டுவிட்டது என்றார். தவறான முடிவில்லை. நேரமும் பணமும் குறைந்த திட்டத்தில் வேறு முடிவு எடுக்கவும் இயலாது. ஆயினும் ஆவணக்காப்பு என்பது பாடியவரை மட்டும் காத்தால் போதுமா என்ற கேள்வி எழுகிறது. கேட்டவர்களைப் பற்றித் தமிழிசை வரலாற்றில் எழுத ஆதாரமில்லை என்று குறைப்படுகிறோம். வீட்டுக்குள் மறைவாகக் கேட்ட பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: விமர்சனம் எழுதாதவர்கள், சபாவுக்குப் போகாதவர்கள். அவர்களுடைய சான்று இந்தக் கீறல்களில்தான் இருக்கிறது, நல்ல பிரதியில் இராது.

முதியவர் வாதாடவில்லை. "அது சரிதான் தம்பி, இதுல பாட்டே சரியா கேக்காது" என்று சொல்லிவிட்டு மூன்று தட்டுகளையும் விளக்கடியில் வைத்துக் காட்டினார். இளைஞர் கைப்பேசி வெளிச்சத்தைத் தாழ்வாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆய்வாளருக்குரிய கேள்வியைக் கேட்டார்.

"இது உங்க அம்மா போட்டதுதான்னு எப்படிச் சொல்றீங்க சார்? வீட்ல குழந்தைங்க இருந்திருப்பாங்களே?"

முதியவர் சற்று யோசித்தார். "சொல்ல முடியாது. நான் சின்னப் பையனா இருக்கும்போது பெட்டிகிட்ட போனா அடி விழும். போயிருக்கேன்."

இளைஞர் தம் பட்டியலில் அந்தத் தட்டின் எண்ணுக்கு நேரே 'நிராகரிப்பு' என்றிருந்ததை அடித்தார். குறிப்புப் பகுதியில் 'ஊசித் தழும்புகள், 14 அல்லது 15, யாருடையவை எனத் தெரியவில்லை' என்று எழுதி, ஒலிப்பதிவு செய்யாமல், மூன்று தட்டுகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டார். முதியவர் தட்டை உறையில் இடுமுன் ஒருமுறை கேட்கலாமா என்றார். புது ஊசி இருக்கிறதா என்று இளைஞர் கேட்டார். இருந்தது.