தலைப்பு பிறக்கும் இடம்

குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நம்மவர் வழக்கம். முகத்தைப் பார்த்த பின்னரே பெயர். எழுதுவோரிற் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். பிள்ளை பிறக்குமுன்பே பெயரை முடிவு செய்துவிட்டு, அப்பெயருக்கேற்ற பிள்ளையைத் தேடி அலைகின்றனர். "தலைப்பை எங்கிருந்து எடுப்பது, ஹஜ்ரத்?" என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. முன்னோர் எங்கிருந்து எடுத்தனர் என்று பார்ப்பதே இதற்குத் தக்க விடையாகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயம் 286 வசனங்கள் கொண்டது. நோன்பும் ஹஜ்ஜும், மணமும் மணவிலக்கும், கடனை எழுதி வைக்கும் முறையும் அதில் உண்டு. ஆயினும் அதன் பெயர் 'அல்பகரா', பசுமாடு என்பதே. 67ஆம் வசனத்தில் தொடங்கும் ஒரு நிகழ்ச்சியில் வரும் பசு அது. தேனீயும் எறும்பும் சிலந்தியும் அவ்வாறே அத்தியாயப் பெயர்களாகியுள்ளன. இதற்கு மாறாக, நான்கே வசனங்கள் கொண்ட 'அல்இக்லாஸ்' அத்தியாயத்தினுள் அச்சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தூய ஏகத்துவம் என்னும் அதன் பொருள் முழுவதையும் அப்பெயரே தாங்கி நிற்கிறது. மனிதர் எழுத்தை இறைமறையோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. உள்ளே கிடக்கும் ஒரு சொல்லாலும் பெயரிடலாம், உள்ளுறையும் கருத்தாலும் பெயரிடலாம் என்னும் பாடத்தையே ஈண்டு எடுத்துக் கொள்கிறோம்.

தமிழ்ச் சான்றோரும் இந்நெறியை நன்கறிவர். கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் சங்கப் பாட்டு 'மலைபடுகடாம்' என்னும் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசையை அதன் மதமாகவும் கண்ட ஒரு தொடர், பாட்டின் நடுவிலிருந்து எழுந்து நெற்றியில் அமர்ந்து கொண்டது. பதிற்றுப்பத்துப் பாடல்களும் தத்தமக்குள் வரும் அரிய தொடர்களையே பெயராகப் பெற்றன.

எழுதியவர் இட்ட பெயரை மக்கள் மாற்றிவிடுவதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இமாம் பூசீரி பாடிய புகழ்ப்பாவுக்கு 'அல்கவாகிபுத் துர்ரிய்யா ஃபீ மத்ஹி கைரில் பரிய்யா' என்று எதுகை நயம் மிக்க பெயருண்டு. வாதத்தால் செயலிழந்து கிடந்த அவர்மீது, கனவில் தோன்றிய நபிகள் நாயகம் (ஸல்) தமது போர்வையைப் போர்த்தினார்கள் என்னும் செய்தி பரவவே, உலகம் அதனைப் 'புர்தா', அதாவது போர்வை என்றே அழைத்தது. நம் வீடுகளில் புர்தா ஓதுவோரில் எத்தனை பேர் அந்த நீண்ட பெயரை அறிவர்?

சில பெயர்கள் வாதத்திற் பிறந்தவை. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தத்துவவாதிகளின் தடுமாற்றத்தைக் காட்ட 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' எழுதினார். இப்னு ருஷ்து (மறைவு 1198) அதற்கு மறுப்பாகத் 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்', தடுமாற்றத்தின் தடுமாற்றம், என்று எழுதினார். எதிராளியின் அம்பையே எடுத்துத் தம் வில்லில் பூட்டினார் என்க. வேறு சில பெயர்கள் உறவிற் பிறந்தவை. 'சீறத்' என்னும் அரபுச் சொல்லையும் 'புராணம்' என்பதையும் மணமுடித்துச் 'சீறாப்புராணம்' என்று உமறுப் புலவர் பெயரிட்டார். இருமொழிச் செல்வமும் ஒரே இல்லத்தில் வாழ்வதை அப்பெயர் ஒன்றே பறைசாற்றுகிறது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்த சில நாட்களில் ஒரு மாணவன் தன் கட்டுரையைக் கொண்டு வந்தான். தலைப்பு 'தந்தையின் தியாகம்'. வளைகுடாவில் உழைக்கும் தந்தையைப் பற்றியது. பக்கத்தின் நடுவே ஒரு வரி இருந்தது: வாப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் உம்மா விருந்தாளிகளுக்கான பூப்போட்ட தட்டைத்தான் அவருக்கு எடுத்து வைப்பார்.

"தம்பி, உன் தலைப்பு இங்கே கிடக்கிறது" என்று அவ்வரியைத் தொட்டுக் காட்டினோம். அவன் 'விருந்தாளித் தட்டு' என்று எழுதினான். எழுதியவன் கையை எடுக்கவில்லை. "வாப்பா இதைப் படித்தால், வீட்டில் தம்மை விருந்தாளியாக எண்ணுகிறோம் என்று வருந்துவார், ஹஜ்ரத்" என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரங்கழித்து அதை அடித்துவிட்டு 'வாப்பாவின் தட்டு' என்று எழுதினான். உள்ளிருந்த வரியில் ஓரெழுத்தையும் அவன் மாற்றவில்லை. உண்மை அப்படியே நின்றது. முகப்பில் மட்டும் அன்பு வந்து அமர்ந்தது.

தலைப்பு என்பது ஓர் அமானிதம். படிப்பவருக்கு அது வாக்குறுதி. எழுதப்படுபவருக்கோ அது மானம். இன்று கைப்பேசித் திரையில் 'அதிர்ச்சி' என்றும் 'அம்பலம்' என்றும் கூவியழைக்கும் தலைப்புகளைத் திறந்து பார்த்தால், உள்ளே வெறும் உமியே மிஞ்சுகிறது. வாசகர் ஏமாறுவதோடு அது நிற்பதில்லை. யாரோ ஒருவருடைய குடும்பத்தின் பெயரும் அங்கே தெருவுக்கு வந்துவிடுகிறது.

எழுத விழையும் அன்பர்களே, முதலில் எழுதுங்கள். எழுதியதைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் அறியாமலே உண்மை பேசிவிட்ட ஒரு வரி எங்கேனும் இருக்கும். அதைக் கண்டெடுத்து, அது யாரைத் தொடுகிறதோ அவர் எதிரில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பெயரிடுங்கள். அப்பெயர் நெடுநாள் வாழும்.