கப்பலுக்கு முன்னால்

மேற்கல்விக்காக நான் குடும்பத்துடன் சிகாகோவில் தங்கியிருந்த ஆண்டு அது. மழை பெய்த ஒரு சனிக்கிழமையன்று, பழைய விளையாட்டு இயந்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு கூடத்திற்கு மகனை அழைத்துச் சென்றேன். அவனுக்கு அப்போது பத்து வயது. முந்தைய இரவுதான் அவனது கணக்குப் பயிற்சியில் இருந்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியிருந்தேன். காலையிலிருந்து அவன் என்னிடம் சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை.

கூடத்தின் மூலையில் 'சீ வுல்ஃப்' நின்றது. அதே சிகாகோ வட்டாரத்தைச் சேர்ந்த மிட்வே நிறுவனம் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு அது. நீர்மூழ்கிக் கப்பலில் உள்ளதைப் போன்ற ஒரு பெரிஸ்கோப் அதன் முகப்பில் இருந்தது. கைப்பிடிகளைப் பிடித்து அதை இடமும் வலமும் திருப்பலாம். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் டார்பிடோ பாயும். திரை கறுப்பு வெள்ளைதான். அதன்மீது ஒட்டிய வண்ணத்தாள்தான் கடலுக்கு நீல நிறத்தைக் கொடுத்தது.

"இவ்வளவுதானா, அப்பா?" என்றான் மகன்.

கண்ணைப் பொருத்தியவன், அடுத்த நொடியே, "பின்னாலேயே போகுது!" என்று கத்தினான். டார்பிடோ சென்று சேர்வதற்குள் கப்பல் நகர்ந்துவிடுகிறது. சிறிய விரைவுப்படகோ கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். நடுவில் மிதக்கும் கண்ணிவெடிகள் வேறு டார்பிடோவை மறித்துக்கொள்ளும். கையிருப்பு தீர்ந்ததும் சிவப்பு விளக்கு எரியும். மீண்டும் நிரம்பும்வரை கப்பல்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒன்றரை நிமிடத்திற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"கப்பலுக்கு முன்னால் குறி வை" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், எவ்வளவு முன்னால்? பெரிஸ்கோப்புக்குள் இருக்கும் குறிக்கோடு ஆடுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அவன் எங்கே குறி வைக்கிறான் என்றே தெரியாமல் எதைத் திருத்துவது? வீட்டில் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே பழகியவன் நான். கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு அப்படியொரு வியாதி உண்டு. கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

நான்காவது ஆட்டத்தில், "இடப்பக்கம் ஒண்ணு வருது" என்று முணுமுணுத்தவன், பெரிஸ்கோப்பை வலப்பக்கமாகத் திருப்பினான். தவறான பக்கம் திருப்புகிறானே என்று என் கை தானாக நீண்டது. அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெடிச்சத்தம் கேட்டது.

திரும்பி என்னைப் பார்த்தான். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

"அப்பா, இப்போ நீங்க ஆடுங்க."

குனிந்து பார்த்தேன். நான் செலுத்திய முதல் மூன்றும் கப்பலுக்குப் பின்னால் போயின.

"எவ்வளவு முன்னால் வைக்கணும்?" என்று கேட்டேன்.

"நீங்களே கண்டுபிடிங்க!" என்று சிரித்தான்.