பின்பாரம்

துருவேறிய நட்டின் மேல் ஸ்பிரேயை அடித்ததும் எலுமிச்சை வாசம் வந்தது, வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து மல்லாந்து கிடப்பவனுக்கு வரக்கூடாத வாசம் அது, பாத்திரம் துலக்கும் சோப்பை யாரோ மூக்கருகே கொண்டுவந்து நீட்டியதுபோல் இருந்தது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் நெடி அல்லவா வரவேண்டும், மண்ணெண்ணெயும் துருவும் காய்ந்த சேறும் கறுத்த கிரீஸும் சேர்ந்து தொண்டைவரை போய் உட்காரும் நெடி, அப்பாவின் பனியனில் ஞாயிற்றுக்கிழமை ஏறினால் புதன்கிழமைவரை இறங்காது. மண்ணெண்ணெய் இப்போது எங்கள் பக்கம் கண்ணில் படுவதில்லை, டப்பாவில் அடைத்த எலுமிச்சைதான் கிடைக்கிறது, நட்டை அது சீக்கிரமே இளக்கியும் விடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது.

வண்டி ஆம்னி, 2003இல் வாங்கியது. மாருதி வேன் என்று 1984இல் வந்து, 1988இல் ஆம்னி என்று பேர் மாறி, 2019இல் நின்றுபோன வகை, 796 சி.சி. இன்ஜினை முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கோடையில் ஓட்டுபவனின் தொடையை வேகவைத்தபடி, கல்யாணங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருச்செந்தூருக்கும் எங்களைச் சுமந்து சலித்தது. பின்பக்கம் அதற்குச் சுருள்வில் கிடையாது, லாரிக்கு இருப்பதுபோல் பட்டைதான், அந்தப் பட்டையிலிருந்து கொஞ்ச நாளாக வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் கிறீச் என்று ஒரு முனகல், கூடவே டொக்கென்று ஒரு இடி, எங்கள் தெருவிலோ ஐந்து வேகத்தடை. சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன், கையில் டேப்லட் வைத்திருந்த பையன் குனிந்துகூடப் பார்க்காமல், “ஓல்டு மாடல் சார், குடுத்துட்டுப் புதுசு பாத்துக்கலாமே” என்றான், மரியாதையாகத்தான் சொன்னான்.

பட்டை என்பது பெரிய சூத்திரமில்லை. தட்டையான எஃகுத் தகடுகளை நீளம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்கி நடுவில் ஒரு போல்ட்டால் கோத்தது, எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் இரண்டு நுனியையும் சுருட்டிக் கண் ஆக்கியிருப்பார்கள், பாரம் ஏறினால் வளைவு நிமிரும், நிமிர்ந்தால் நீளம் கூடும், கூடுகிற நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் பின்கண்ணை நேராகச் சட்டத்தில் அறையாமல் ஷேக்கிள் என்ற சின்ன ஊஞ்சலில் தொங்கவிடுவது. அந்த ஊஞ்சலில் இரும்பும் இரும்பும் உரசாதபடி நடுவே உட்கார்ந்திருப்பது ஒரு ரப்பர் புஷ், அவ்வளவுதான், அது தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகி வெடித்துப் போயிருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தட்டி எடுத்தபோது உலர்ந்த நாவல்பழம்போல் பிரிந்து என் நெற்றியில் விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன், முதல் கடையில் வருஷம் என்ன, வேரியன்ட் என்ன என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தேடி இல்லை என்றார்கள், இரண்டாவது கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர் எதுவும் கேட்கவில்லை, அந்தத் துணுக்கை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு செட் புஷ்ஷோடு வந்தார். ஷாக் அப்சார்பரும் சேர்த்து மாற்றிவிடச் சொன்னார், எண்ணெய் கசிந்திருக்கும் என்று வண்டியைப் பார்க்காமலே சொன்னார், கசிந்துதான் இருந்தது.

அப்பாவின் கையும் இப்படித்தான் உருட்டும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிற்கும் அவருடைய அம்பாஸடர், 1976இல் மூன்றாம் கையாக வந்தது, மோரிஸ் ஆக்ஸ்போர்டின் சாடையில் வங்காளத்து உத்தர்பாராவில் 2014வரை செய்துகொண்டிருந்தார்களே அதே வண்டி, முன்பக்கம் முறுகித் தாங்கும் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. அப்பாவுக்கு நெல் வியாபாரம், டிக்கியில் மூட்டையும் பின்சீட்டில் ஆட்களுமாகக் களம் களமாய்ப் போய்வந்து பட்டை படுத்துவிடும், வண்டி குந்தினாற்போல் பின்பக்கம் தணிந்து நிற்கும், அப்படி நின்றால் அந்த ஞாயிறு எங்களுக்கு எண்ணெய்க்குளியல் இல்லை என்று பொருள். கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் அவர் வரிசையாகச் சிரட்டைகளில் போடுவார், முதல் சிரட்டை முன்கண், இரண்டாவது ஷேக்கிள், மூன்றாவது யூ போல்ட், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய், வேப்பிலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் அந்தச் சிரட்டைகளில் மயில்கழுத்து நிறமாய் நெளியும், அதைத் தொடக்கூடாது என்பதற்காகவே தொட்டுக்கொண்டிருப்பேன். புது புஷ்ஷை ஏற்ற கிரீஸோ எண்ணெயோ போடவிடமாட்டார், ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, துணி துவைக்கும் பார் சோப்பைக் குழைத்துத்தான் தடவுவார், அந்த வழுவழுப்பில் புஷ் சளக்கென்று கண்ணுக்குள் போய் உட்காரும் சத்தம் அவருக்கு எவ்வளவு திருப்தியென்றால், போனதைப் பாதி வெளியே இழுத்து மறுபடி ஒருமுறை ஏற்றுவார்.

எல்லாம் மாட்டியானபிறகும் நட்டுகளை விரலால் மட்டும்தான் திருகிவிடுவார், ஸ்பேனர் தொடக்கூடாது, சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்று, டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியும் ஏறிய பிறகுதான் அடியில் போய் முடுக்குவார். “பாரத்தோட முடுக்கணும்லே, அந்தரத்துல தொங்கும்போது முடுக்குனா, கீழ இறங்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும், ஆறு மாசத்துல பிஞ்சுரும்.” வண்டியின் சொந்த எடையே போதும், அரிசி மூட்டை அவருடைய தனி ஆசாரம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஆனாலும் அந்த இரண்டு மூட்டையும் ஏறாமல் வேலை முடிந்ததாக அவர் நினைக்கவே மாட்டார்.

ஒருமுறை மெயின் பட்டையே ஒடிந்துபோயிற்று. பழைய வண்டிக் கடையிலிருந்து வேறொரு பட்டை வந்தது, ஆனால் வளைவு சேரவில்லை, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தாமிரபரணியைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில் ஒரு கொல்லப்பட்டறைக்கு அப்பாவும் நானும் போனோம். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே அப்படியொரு இருட்டு, ஏன் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை என்று கேட்டதற்குக் கொல்லர் சிரித்தார், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, நிறம் தெரியாவிட்டால் பதம் தெரியாது. மறுபக்கத்துப் பட்டையைத் தரையில் கிடத்தி ஓரமாகச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டார், துருத்தி ஊத, பட்டை கறுப்பிலிருந்து செம்பருத்திக்கு வந்து, பிறகு பழுத்த பப்பாளியின் உள்நிறத்துக்கு வந்தது, எடுத்து நாலு அடி, கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பு, மறுபடி உலை, இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் பழைய எண்ணெய்த் தொட்டியில் தோய்த்தபோது எழும்பிய புகைக்கு, வடைச்சட்டி தீய்ந்தால் வருகிற வாசம். ஒடிந்த பட்டையை வீணாக்காமல் அதிலேயே ஒரு அரிவாள் அடித்துக் கொடுத்தார், அது இன்னும் அம்மாவிடம் இருக்கிறது, தாம்பரத்து வீட்டுச் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாமல் கிடக்கிறது, அம்பாஸடர் போய் முப்பது வருஷமாகிறது, அதன் முதுகெலும்பு மட்டும் தேங்காய் உடைக்கிறது.

சுருள்வில் என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்தபோது, அந்தச் சொல்லின் பிற்பகுதி எனக்கு ஏற்கனவே பழக்கமாகியிருந்தது, தாத்தாவிடம் வில்வண்டி இருந்தது. ஐந்து வயதில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, வில் இருக்கிறதென்றால் அம்பு எங்கே என்று கேட்டிருக்கிறேன், பொடிமட்டையைத் தட்டிக்கொண்டிருந்த தாத்தா, “அம்பு அவங்கிட்டல்லா இருக்கு” என்று வண்டிக்காரர் கையிலிருந்த தார்க்குச்சியைக் காட்டினார். அச்சின் மேல் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்த அந்த இரும்பு வில்லும் பட்டையும் ஒன்றுதான் என்பது அப்பாவின் காரடியில் படுத்த நாளில்தான் உறைத்தது. வண்டிக்காரர் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து மை பிடிப்பார், அச்சுக்குப் போடுகிற மை, கரியும் விளக்கெண்ணெயும் சேர்ந்து கோவில் தீபத்துக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் நடுவான ஒரு மணம், கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே நகர்த்தி அதை வழிக்கும்போது நான் பக்கத்திலேயே குந்தியிருப்பேன். கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம், அதில் தாத்தாவின் பொடியும் விபூதியும் கலந்த வாசம், கூண்டின் பிரம்பிடுக்குகள் வழியாக வெளிச்சம் வரிவரியாய் எல்லார் முகத்திலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரட்டைச் சக்கர வண்டிக்கு வில்லைவிட முக்கியம் ஆட்கள் உட்காரும் இடம். முன்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் புறப்பட்டால் தெரு தாண்டுவதற்குள் வண்டிக்காரர் மூன்று தடவையாவது திரும்பிப் பார்ப்பார். ஆச்சி கனத்த சரீரம், கடைசியில் ஏறி வாசலோரமாகத்தான் உட்காருவாள், ஆச்சியைப் பார்த்து எடை அதிகம் என்று யார் சொல்ல முடியும், “ஆச்சி, பின்பாரமா இருக்கு, மாடு திணறுது” என்று மாட்டின் பேரில் சொல்வார், ஆச்சி அசையமாட்டாள், அம்மாதான் நகர்வாள். அப்போது அம்மா மெலிந்த மருமகள், மடியில் நானும், காலடியில் கட்டுச்சோற்றுத் தூக்கும், ஆச்சி சாய்ந்தால் அம்மா முன்னால், தாத்தா முன்னால் வந்தால் அம்மா பின்னால், தராசுக் கடைக்காரன் கடைசியாய்ப் போடும் சின்னப் படிக்கல்போல் வழியெல்லாம் இடம் மாறிக்கொண்டே வருவாள்.

அச்சுக்கு மை போடுகிற வண்டிக்காரர் வில்லுக்கு மட்டும் எதுவும் போடமாட்டார், தாத்தாவின் உத்தரவு. தகட்டுக்குத் தகடு உரசி அது முனகும் சத்தம் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும், ஆச்சி அந்தச் சத்தத்தில்தான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள், வேறு யார் வீட்டு வில் முனகினாலும் அவள் எழுந்ததில்லை. அப்பா காலத்தில் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் அப்பினார், அம்பாஸடர் பூனைபோல் வந்து வேப்பமரத்தடியில் நின்றது, “சத்தங்காட்டாம வந்து நிக்கானே, களவாணிப்பய மாதிரி” என்று ஆச்சி கடைசிவரை திட்டினாள், அவனுக்குச் சூடாகத் தோசை கிடைக்காததற்கு அவன்தான் காரணம் என்றும் சொன்னாள். இப்போது நான் எங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்பது என் மகளின் போனில் ஒரு நீலப்புள்ளியாகத் தெரிகிறதாம், புள்ளி வீட்டுக்கு வந்தபிறகும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரண்டு பக்கமும் புஷ் மாற்றி, ஷாக் அப்சார்பரும் மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, கட்டை முட்டுக்கொடுத்து, ஜாக்கியை இறக்கியபோது வெயில் போர்ட்டிகோவை விட்டுப் போயிருந்தது. நட்டுகள் விரல் திருகலோடு நின்றன. அம்மா வாசல்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள், எண்பத்திமூன்று வயது, நாற்பது கிலோ தேறமாட்டாள், இன்னும் என்னலே பாக்கி என்றாள், பாரம் ஏற்றி முடுக்கணும் என்றேன், வீட்டில் இருப்பதோ ஐந்து கிலோ பாக்கெட்டில் வந்த அரிசி. “அதுக்கென்ன, நான் ஏறிக்கிடுதேன்” என்று எழுந்தாள், வேண்டாம், வண்டியின் எடையே போதும் என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை, பக்கக் கதவை அவளே கரகரவென்று தள்ளித் திறந்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள்.

கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்ததில் பட்டை இறங்கியதா என்று கேட்டால், ஒரு நூல் இறங்கியிருக்கும், ஷேக்கிள் அந்த ஒரு நூலுக்கு மரியாதையாய்ப் பின்னால் நகர்ந்ததுபோல் எனக்குப் பட்டது, ரிங் ஸ்பேனரைப் போட்டு வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்று அவசரமில்லாமல் முடுக்கினேன், பிறகு முன்கண்கள். தலைமாட்டில் கிரீஸ் டப்பா இருந்தது, பட்டைகளின் இடுக்கில் அப்புவதற்கென்று காலையிலேயே எடுத்து வைத்தது, மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை, அப்படியே மூடி ஓரமாகத் தள்ளினேன்.

“முன்ன வரவா, பின்ன போகவா?” என்று மேலேயிருந்து அம்மா கேட்டாள்.

“அங்கனயே இரும்மா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஜமுக்காளத்தின் மடிப்புகளை அவள் உள்ளங்கையால் நீவுகிறாள் என்று நினைத்தேன், அங்கே இருப்பது ரெக்ஸின்.

“மாடு திணறலையே?” என்றாள்.